மாடல் நம்பர் இல்லாத கொட்டேஷனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கம்மி பட்ஜெட்டில் கேமிங் பிசி கேட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனால் கையில் வரும் கொட்டேஷன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ரைசன் 5, 16 ஜிபி ராம், 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, கேபினெட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இருக்காது. ஆனால் இதே வரிக்குள் நல்ல மெஷினும் அடங்கும், குப்பையும் அடங்கும்.

ரைசன் 5 ப்ராசஸர் என்றால் எது? 5600, 5500, 5600ஜி மூன்றுமே 6 கோர், 12 த்ரெட்தான். ஆனால் 5600-ல் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, மற்ற இரண்டிலும் 16. கிராஃபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் பேசிக்கொள்ளும் பாதையான பிசிஐஇ 4.0-வும் 5600-ல் மட்டும்தான், மற்றவை 3.0. இது உதைப்பது கார்டு பக்கம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு அந்தப் பாதையில் 4 லேன்தான் (தடம்), மெமரியும் பெரும்பாலும் 4 ஜிபி. கேம் அதைத் தாண்டியதும் கார்டு சிஸ்டம் ராமிலிருந்து இழுக்கும். 3.0-ல் அந்த வழி பாதியாகிவிடுவதால் படம் திக்கித் திக்கி ஓடும். யூடியூபில் காட்டும் ஆவரேஜ் எஃப்பிஎஸ்ஸை விட்டுவிட்டு 1% லோ (மிக மெதுவாக ஓடும் 1% நேரத்தின் எஃப்பிஎஸ்) எவ்வளவு என்று பாருங்கள். 1080பி-க்கு ஆர்எக்ஸ் 6600 தாராளம்: 8 ஜிபி, 8 லேன், பிசிஐஇ 3.0 மட்டும் உள்ள பழைய பி450 மதர்போர்டில்கூடப் பெரிதாக அடிவாங்காது. (அந்த போர்டில் 5600 போடுவதற்கு முன்னால் பயாஸ் அப்டேட் செய்திருக்க வேண்டும்.)

செகண்ட்ஸில் ‘580, 8 ஜிபி’ என்று ஆர்எக்ஸ் 580 கார்டு வந்தால் அதை மாட்டி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள். ஷேடர் 2304 என்றால் அசல் 580. 2048 காட்டினால் கிட்டத்தட்ட 570-தான், விலையையும் அப்படியே பேசுங்கள்.

ராம் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வேண்டாம், 8+8 வாங்குங்கள். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் ப்ராசஸரிலிருந்து 2-வதிலும் 4-வதிலும் போடுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய 3200 கிட் பெரும்பாலும் 2400-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் தெரிந்துவிடும்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது அந்தக் கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் மேல்தான். வாட்டை விடுங்கள், ஸ்டிக்கரில் +12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்றிருந்தால் 12 × 18 = 216 வாட், அவ்வளவுதான். 6600 கார்டு 132 வாட் இழுக்கும், 5600 முழு லோடில் 76. கூட்டினால் 208. ஃபேன், டிஸ்க், கார்டு ஒரு நொடி எகிறும்போது இழுப்பது எல்லாம் மிச்சமிருக்கும் 8 வாட்டில் எப்படி அடங்கும்? டெஸ்க்டாப்பில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும், கேம் லோடானதும் சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். டிரைவர் பிரச்சினை என்று நினைத்து விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 8 பின் கனெக்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லையென்றால் மோலெக்ஸ் (பழைய 4 பின்) கன்வெர்ட்டர் தருகிறேன் என்பார் கடைக்காரர். வாங்காதீர்கள், அந்தக் கனெக்டர் சூடேறி உருகலாம். நல்ல கம்பெனியின் 550 வாட் ‘80 பிளஸ் ப்ரோன்ஸ்’ யூனிட்டைத் தனியாக வாங்குங்கள். ப்ரோன்ஸ் என்பது கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சர்டிஃபிகேட்தான், தரத்துக்கு அல்ல. அதனால் அந்த மாடலின் ரிவ்யூவையும் படித்துவிடுங்கள்.

அதற்கான பணம் கேபினெட்டிலும் கூலரிலும் கிடைக்கும். 5600 பெட்டியிலேயே கூலர் வருகிறது, லிக்விட் கூலர் தேவையே இல்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஆர்ஜிபி கேபினெட் சென்னை வெயிலுக்கு ஆகாது. மெஷ் வைத்த சாதாரண கேபினெட்டே போதும்.

பில்லில் கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். பில் வேண்டாமென்றால் 18% ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். மூன்று வருட வாரண்டி உள்ள கார்டு இரண்டாம் வருடம் போனால், சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான்.