ஏழு முறை

என் தோழி ஒருவர் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை ஒரே இரவில் ஆறு பேரிடம் சொன்னார். மூன்று நாள் கழித்து ஏழாவதாக ஒருவரிடம். ஏழு முறையும் நான் கூட இருந்தேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் யார், எந்த ஊர், எப்படி நடந்தது என்பதெல்லாம் இங்கே வராது. எண்ணிக்கையைப் பற்றி மட்டுமே பேச வந்திருக்கிறேன்.

முதலில் மருத்துவமனையில் சீட்டுப் போடும் மேசை. "என்ன பிரச்சினை?" என்று கேட்டவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசையில் ஐந்தாறு பேர். தோழி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார் அவர். அடுத்து செவிலியர். அடுத்து பயிற்சி மருத்துவர். அவர் எழுதிவைத்த தாள் கையில் இருக்கும்போதே அதைப் பார்க்காமல் முதலிலிருந்து கேட்ட மூத்த மருத்துவர். அப்புறம் ஒரு காவலர். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, "இதைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும்" என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆறாவதாக அந்தப் பெண் அதிகாரி.

நான்காவது முறை முடிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் சொன்னதை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். தோழி படித்துப் பார்த்து இரண்டு இடங்களைத் திருத்தினார். ஐந்தாமவரிடம் நீட்டினேன். அவர் அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். "அவர் வாயாலேயே சொல்லட்டும்."

இவர்களில் ஒருவரும் கொடியவர் அல்லர். செவிலியர் கேட்காமலேயே போர்வை கொண்டுவந்தார். பெண் அதிகாரி கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் தத்தமது படிவத்தை ஒழுங்காக நிரப்பினார்கள். ஒரு படிவத்தில் இருந்தது அடுத்த படிவத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதைச் சுமந்து சேர்க்கும் வேலை, அன்றைக்கு நிற்கவே முடியாமல் இருந்த ஒருத்தியின் தலையில் விழுந்தது.

திரும்பத் திரும்பச் சொல்லும்போது இன்னொன்றும் நடக்கிறது. முதல் தடவை தோழியின் பேச்சு துண்டு துண்டாக வந்தது. முன்னது பின்னதாக, பின்னது முன்னதாக. ஐந்தாம் தடவை, பாடம் ஒப்பிப்பதுபோலச் சரளமாக வந்தது. ஆறாம் தடவை நேரத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். "டாக்டரிடம் வேறு நேரம் சொல்லியிருக்கிறீர்களே?" என்று கேள்வி வந்தது. கடும் அச்சத்தில் பதியும் நினைவு அப்படித்தான் சிதறிக் கிடக்கும். கதவின் நிறம் துல்லியமாக இருக்கும், மணி என்ன என்பது இருக்காது. சரளமாகச் சொன்னால் சோடித்தது என்கிறார்கள், தடுமாறிச் சொன்னால் பொய் என்கிறார்கள். எப்படித்தான் சொல்வது?

மூத்த மருத்துவரிடம் சொல்லும்போது தோழி ஓரிடத்தில் சிரித்தார். அந்த மருத்துவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பாலியல் வன்முறைக்கு ஆளாகி அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த பெண்களைச் சந்தித்துப் பேசி, ஆன் பர்ஜஸ் என்ற செவிலியரும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளரும் 1974இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அழுது நடுங்கியவர்கள் எத்தனை பேரோ, கிட்டத்தட்ட அத்தனை பேர் எதுவும் நடக்காததுபோல அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள் என்று அதில் இருக்கிறது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்னமும் அழுகையைத்தான் சாட்சியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் மேசை மேசையாக நகர்ந்தபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன், பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசர கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள்வரை அவகாசம் உண்டு, ஆனால் அதன் பலனும் நாளுக்கு நாள் குறையும். குளிக்காமல், உடை மாற்றாமல் போனால் தடயம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். குளித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம், அப்போதும் போகலாம். உடையைக் கழற்றியிருந்தால் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். இது எதையும் அன்றிரவு எங்களிடம் எவரும் சொல்லவில்லை. கேட்பதற்கு மட்டும் ஆறு பேர் இருந்தார்கள். புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று நிபந்தனை போடக்கூடாது என்பதையும் நான் பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வழி தெரியாமல் உலகம் திண்டாடுகிறது என்று நினைக்க வேண்டாம். வழி பழையது. மான்செஸ்டரில் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் 1986இலேயே இதற்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள், பிரிட்டனில் அதுதான் முதல். சிகிச்சை, தடய சேகரிப்பு, உளவள ஆலோசனை மூன்றும் ஒரே கூரையின் கீழ். இத்தகைய மையங்களுக்குக் காவல்துறையிடம் போகாமலேயே நேராக வரலாம். தடயத்தை எடுத்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை வந்தவர் ஆற அமர முடிவு செய்துகொள்ளலாம்.

இத்தகைய கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கு ஐஸ்லாந்தில் 1998இல் 'பார்னஹூஸ்' என்று ஓர் இல்லம் அமைத்தார்கள். குழந்தைகள் இல்லம் என்று பொருள். வீடுபோன்ற ஓர் அறையில், பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் குழந்தையிடம் பேசுகிறார். காவலர், வழக்கறிஞர்கள், நீதிபதி எல்லோரும் வேறோர் அறையில் திரையில் பார்க்கிறார்கள். கேட்க வேண்டியதை அவர் வழியாகவே கேட்கிறார்கள். ஒளிப்பதிவு நீதிமன்றத்துக்குப் போகிறது. அதைப் படித்த அன்று, கவிழ்த்து வைக்கப்பட்ட என் தாள் நினைவுக்கு வந்தது.

சட்டத்துக்கு வாக்குமூலம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஒன்று வேண்டும். ஒரே இரவில் ஆறு எதற்கு? அப்படிக் கறந்தெடுத்ததெல்லாம் பயன்படுகிறதா என்றால் அதுவும் சந்தேகம். தடயங்களை எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே மாதிரியாகச் சேகரிக்க உதவும் பெட்டியை உருவாக்கப் பாடுபட்டவர் சிகாகோவைச் சேர்ந்த மார்ட்டி கொடார்ட். 1978இல் அது அங்குள்ள மருத்துவமனைகளுக்குப் போனது. பெட்டிக்கு வைக்கப்பட்டதோ ஒரு காவல் அதிகாரியின் பெயர், அது தனிக்கதை. 2009இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறையின் கிடங்கு ஒன்றில் இத்தகைய பெட்டிகள் 11,000க்கும் மேல் பரிசோதனைக்கே போகாமல் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெட்டிக்காகவும் ஒருவர் மணிக்கணக்கில் படுத்துக் கிடந்திருப்பார்.

ஏழாவது, ஆலோசகர். நல்லவர், இளையவர். "முதலிலிருந்து சொல்லுங்கள், சொன்னால் பாரம் இறங்கும்" என்றார். தோழி எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். சொன்னார். பாரம் இறங்கவில்லை. இரண்டாம் அமர்வுக்கு அவர் போகவும் இல்லை. சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு தெளிவாகவே சொல்கிறது. ஆறு மாதம் கழித்து வேறோர் ஆலோசகரிடம் போனார். அவர் முதல் நாள் கேட்டது, "தூக்கம் வருகிறதா?" என்று மட்டும்தான். அவரிடம் இன்றும் போய்க்கொண்டிருக்கிறார்.

ஆகவே, புதிய உதவி மையம் திறந்தார்கள், புதிய உதவி எண் அறிவித்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: அங்கே போனால் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டும்? கட்டடம் எவ்வளவு பெரியது, திறந்துவைத்தவர் யார் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். வீட்டுக்குள் அடிவாங்கிக்கொண்டு, குளியலறைக்குள் நின்று இரண்டு நிமிடம் மட்டுமே பேச முடிகிற ஒரு பெண்ணுக்கு அந்த எண்ணில் நான்கு பேர் மாறி மாறிப் பேசினால், நான்காமவர் வரும்போது கதவு தட்டப்பட்டிருக்கும்.

உறவினர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. அவர்கள் தனிக் கணக்கு.

வெளியிடும் முன் இந்தப் பதிவைத் தோழியிடம் காட்டினேன். இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். பிறகு தலைப்பைப் பார்த்துவிட்டு, "ஏழு இல்லை, எட்டு" என்றார். வாசலில் எங்களை நிறுத்தி, எந்தப் பிரிவுக்குப் போகிறீர்கள், எதற்கு என்று கேட்ட காவலாளியை நான் மறந்துவிட்டேனாம்.