அதே கைதான் பால்மாவும் தந்தது

போர் வந்தால் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று வெளிச்சமாகிவிடும் என்கிறார், நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர். 2009இல், இலங்கையின் இறுதிப் போர் நேரம், வன்னிக்குள் இருந்தவள் நான். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

மாத்தளனில் எங்கள் பங்கருக்குப் பக்கத்துப் பங்கரில் ஒரு தாய், மூன்று சிறுபிள்ளைகள், நடக்க ஏலாத அம்மம்மா. ஏப்ரல் 20, சனம் தப்பி வெளியேறக் களப்புத் தண்ணிக்குள் இறங்கியது. ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் தூக்கி, மூத்ததைக் கையில் பிடித்தால், அம்மம்மாவுக்கு எந்தக் கை? ஒரு போத்தல் தண்ணியைத் தலைமாட்டில் வைத்து, சேலையால் கால்களை மூடிவிட்டு வெளிக்கிட்டாள். இரண்டு கிழமைக்கு முன், பால்மா பொன் மாதிரி இருந்த நேரம், பாதிப் பேணியை என் மகனுக்குத் தந்தவளும் அவள்தான். இவளை எந்தப் பக்கம் போடுவது?

சரி, தீர்ப்புச் சொல்லத்தான் வேண்டுமென்றால், பாதுகாப்பு வலயம் என்று அறிவித்துவிட்டு அதற்குள்ளேயே ஷெல் அடித்த அரச படையிடமும், வெளியேற விடாமல் சனத்தை மறித்த புலிகளிடமும் முதலில் கேளுங்கள். 2011இல் ஐநா நிபுணர் குழு இரண்டையுமே எழுதியிருக்கிறது. அவள் இன்றும் அந்தப் போத்தலைப் பற்றித்தான் கதைக்கிறாள், மூடியைத் திறந்து வைத்தேனா இல்லையா என்று.