வாய்க்காலுக்கும் கொங்கிறீற் போட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

எங்கள் ஒழுங்கையில் எழும்பிக்கொண்டிருக்கும் மாடிவீட்டின் மேல்தட்டுக்கு நேற்றுக் கொங்கிறீற் போட்டார்கள். யாரும் கேளாமலே வெள்ள வாய்க்காலுக்கும் போட்டுத் தந்துவிட்டார்கள்.

பொழுதுபடும் நேரத்தில், கலவை இயந்திரத்தைத் தங்கள் வளவுக்குள் கழுவினால் வளவு பழுதாகிவிடும் என்ற மேலான அக்கறையோடு, அதை வெளியே உருட்டி வந்து எங்கள் மதிலோரம் நிறுத்தினார்கள். உள்ளே கொஞ்சம் சல்லிக்கல்லும் தண்ணீரும் போட்டுச் சுழற்றி, வாயை வாய்க்கால் பக்கம் சரித்தார்கள். சாம்பல் நிறக் குழம்பு கொழகொழவென்று இறங்கியது. பிறகு மறுபடியும் சுழற்றினார்கள், மறுபடியும் சரித்தார்கள். அடுத்து வாளிகள் வந்தன, சவள்கள் வந்தன, மேசன் கரண்டிகள் வந்தன, தள்ளுவண்டி வந்தது. கடைசியாக ஒரு பெடியன் வந்து, ஆற்றங்கரையில் நிற்பவன்போல ஆறுதலாகத் தன் கால்களையும் அதற்குள் கழுவினான்.

"தம்பி, இது மழை வெள்ளம் ஓடுகிற வாய்க்கால்" என்றேன். "பயப்படாதையுங்கோ ஐயா, விடிய இறுகிப்போயிடும், மணக்காது" என்றார் கொந்துராத்துக்காரர். அவர் சொன்ன சொல் தவறவில்லை. விடிய இறுகித்தான் இருந்தது.

ஐப்பசி மழைக்கு இந்த ஒழுங்கை என்ன கோலம் கொள்ளும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் என் வயிற்றெரிச்சல் வெள்ளத்தோடு முடிவதில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றில்லாத இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கும் மழைநீரைத்தானே நாம் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம்? மண்போர்வை மெல்லியதாக உள்ள இடங்களில், மேலே ஊற்றுவது வடிபடக்கூட நேரமில்லாமல் கீழே போய்ச் சேருகிறது. சீமெந்து கழுவிய தண்ணீரின் பி.எச். அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 12 வரை போகும், அதாவது அது கடுங்காரம். அதில் நின்று வேலை செய்பவர்களின் கால்கள் வெந்துபோவது அதனால்தான். கட்டட வரைபடத்தில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை அளந்து பார்க்கிறவர்கள், கட்டும்போது ஓடும் இந்தக் குழம்பு யாருடைய கிணற்றை நோக்கிப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சட்டம் இல்லையா என்றால், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன்கீழ் 1993இல் வந்த வர்த்தமானிப்படி, 1000 வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டம் என்றால்தான் சூழல் மதிப்பீடு என்ற பேச்சே எழும். ஒவ்வொன்றாகக் கட்டி ஊரையே நிரப்பினால் கேட்க ஆளில்லை.

அந்த வளவின் மூலையிலேயே ஒரு கிடங்கு வெட்டி, பழைய படங்கு ஒன்றை விரித்து, கழுவல் தண்ணீரை அதற்குள் விட்டிருந்தால், அடியில் இறுகியதை உடைத்து அவர்களே நிலம் நிரப்பப் பாவித்திருக்கலாம். மாபிள் வெட்டும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் எங்கள் கொடியில் காயும் உடுப்புகள் திருநீறு பூசாமல் தப்பும். வெறும் சீமெந்துப் பைகளைப் பின்னேரத்தில் கொளுத்தாமல் கட்டி வைக்கலாம். ஒன்றுக்கும் பெருங்காசு தேவையில்லை.

இன்று காலை வாய்க்காலில் இறுகியதை உடைத்துத் தரும்படி அந்தக் கொந்துராத்துக்காரரிடமே போய்க் கேட்டேன். "உடைக்கலாம் ஐயா, இரண்டு பேருக்கு நாட்கூலி தந்தால் சரி. ஆனால் உடைக்கிறதை எங்கை கொட்டுறதெண்டு நீங்கள்தான் ஒரு இடம் சொல்லவேணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சேர்ந்து சிரித்தார்.