ரீபூட் பண்ணினால் நம்பர் மாறும், ஃபேன் கோவிந்தா

லினக்ஸில் சூடு, ஃபேன் வேகம் சொல்லும் ஒவ்வொரு சிப்புக்கும் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) ஹெச்டபிள்யூமான் என்று நம்பர் போட்ட ஒரு ஃபோல்டர் கொடுக்கும். நேற்றுவரை ஹெச்டபிள்யூமான்2 ஆக இருந்த மதர்போர்டு சிப், ஒரு கெர்னல் அப்டேட் முடிந்து ரீபூட் ஆனதும் ஹெச்டபிள்யூமான்4. கேட்டால், எந்த டிரைவர் முதலில் ஏறுகிறதோ அதற்கு முதல் நம்பராம். புதிதாக ஒரு என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்) சொருகினாலே போதும், மொத்த வரிசையும் தள்ளிப்போகும். இதை நம்பித்தான் ஊரெல்லாம் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறது!

சூட்டுக்கேற்ப ஃபேன் வேகத்தை மாற்றும் ஃபேன்கண்ட்ரோல் சர்வீஸாவது யோக்கியம். கான்ஃபிக்கில் உள்ள டெவ்பாத் (சிப்பின் இடம்), டெவ்நேம் (சிப்பின் பெயர்) ஒத்துவராவிட்டால் ஓடமாட்டேன் என்று நின்றுவிடும். ஆனால் நின்றதை யார் வந்து சொல்வது? சர்வீஸ் செத்துக் கிடக்கும், ஃபேன் பயாஸ் (மதர்போர்டின் சொந்த மென்பொருள்) கைக்குப் போய்விடும். பயாஸ் பெரும்பாலும் சிபியு சூட்டைத்தான் பார்க்கும். சிபியு சும்மா இருக்கிறது என்று ஃபேனைக் குறைத்துவிட, பக்கத்தில் நாலு ஹார்ட் டிஸ்க் வெந்துகொண்டிருக்கும்.

கையால் எழுதிய ஸ்கிரிப்ட் இன்னும் மோசம். அதே பாதையில் இப்போது என்விஎம்இ உட்கார்ந்திருக்கும். சூட்டைச் சொல்லும் டெம்ப்1_இன்புட் ஃபைல் 38000 என்று, அதாவது 38 டிகிரி என்று, சமர்த்தாகச் சொல்லும். கிராஃபில் கோடு அழகாகப் போகும். எர்ரர் ஒன்றும் வராது. பொய்யான கோட்டுக்குக் காலி கிராஃப் எவ்வளவோ மேல்.

பாதையில் நம்பரை எழுதாதீர்கள் ஐயா! ஒவ்வொரு ஹெச்டபிள்யூமான் ஃபோல்டருக்குள்ளும் 'நேம்' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. கே10டெம்ப் (ஏஎம்டி சிபியு), கோர்டெம்ப் (இன்டெல் சிபியு), என்விஎம்இ என்று அதில் இருப்பதைப் படித்துத் தேடுங்கள். ஒரே பெயரில் இரண்டு என்விஎம்இ இருந்தால், 'டிவைஸ்' லிங்க் எங்கே போகிறது என்று பார்த்துப் பிரியுங்கள். ஃபேனுக்கான பிடபிள்யூஎம்1_எனேபிள் ஃபைலில் 1 போட்டால்தான் கண்ட்ரோல் நம் கைக்கு வரும். அதைச் செய்யாமல் வேகத்துக்கான பிடபிள்யூஎம்1 ஃபைலில் 0 முதல் 255 வரை எதை எழுதியும் புண்ணியமில்லை.

ஹார்ட் டிஸ்க் சூட்டுக்கு டிரைவ்டெம்ப் மாட்யூல் கெர்னல் 5.6 முதல் இருக்கிறது, ஆனால் பல இடங்களில் நாமே ஏற்றினால்தான் உண்டு. சில டிஸ்க்குகளில் சூட்டைப் படிப்பதே தூங்கும் டைமரை மறுபடி ஓடவைக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை படித்துவிட்டு "டிஸ்க் தூங்கவே மாட்டேங்குது" என்றால்? அங்கே அந்த டைமரைவிட நீண்ட இடைவெளி விட்டுப் படியுங்கள்.

இதற்கு நடுவே மதர்போர்டு சிப்பில் ஆக்ஸ்டின் என்றொரு பேய். எதுவுமே இணைக்காத சென்சார் முனை அது, 127 டிகிரி காட்டும், சில போர்டில் மைனஸிலும் போகும். அதற்கு நடுராத்திரியில் அலர்ட் மெயில் வேறு! சூட்டைக் காட்டும் 'சென்சார்ஸ்' கருவியின் கான்ஃபிக்கில் அந்தச் சிப்புக்குக் கீழே 'இக்னோர்' என்று ஒரு வரி எழுதினால் வாயை மூடும். அந்த வரியைப் போர்டு போர்டாக நாமே எழுத வேண்டும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.