முதல் இரண்டு சுற்றுகள் சாம்பியனைத் தீர்மானிப்பதில்லை

பிரான்சின் டாப் 14 ரக்பி தொடரில் முதல் இரண்டு சுற்றுகளிலும் தோற்ற அணிக்குக் கோப்பை வாய்ப்பு முடிந்துவிட்டது என்றும், நான்கு ட்ரை (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் பெறும் ஸ்கோர்) அடித்தாலே பட்டியலில் ஒரு கூடுதல் புள்ளியான போனஸ் புள்ளி உறுதி என்றும் சிலர் சொல்வது இரண்டுமே தவறு.

நான்கு ட்ரை விதி பல நாடுகளில் இருந்தாலும், இத்தொடரில் எதிரணியைவிட மூன்று ட்ரை அதிகமாகப் பெற்றால்தான் அந்தப் புள்ளி கிடைக்கும். ஆகவே 5 ட்ரை அடித்து 3 ட்ரை விட்டுக்கொடுத்த அணிக்கு வெற்றியின் 4 புள்ளிகள் மட்டுமே சேரும். ஆட்டத்தின் ஸ்கோரில் 5 அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்ற அணியோ பட்டியலில் ஒரு புள்ளியுடன் திரும்பும். வெளியூர் வெற்றி அரிதான இத்தொடரில் அந்த ஒரு புள்ளியின் மதிப்பு பெரிது.

தொடரில் மொத்தம் 26 சுற்றுகள் உள்ளன. முதலிரண்டு இடங்கள் நேரடியாக அரையிறுதிக்கும், மூன்று முதல் ஆறு வரையிலான இடங்கள் அரையிறுதிக்கான தகுதிச் சுற்றுக்கும் செல்வதால், பட்டியலில் முதலிடம் என்பதே கோப்பைக்கு உத்தரவாதம் ஆகாது. 2018-இல் ஆறாம் இடத்தில் முடித்த காஸ்த்ர் அணி, தகுதிச் சுற்றில் துலூஸை அதன் ஊரிலேயே வென்று, இறுதிப் போட்டியில் முதலிடம் பிடித்திருந்த மோன்பெல்லியேவை 29-13 என்று வீழ்த்தியது. அந்த வெற்றியை நினைவில் வைத்திருக்கும் எவரும் தொடக்க வாரப் பட்டியலை இவ்வளவு நம்பமாட்டார்கள்.

மேலும், ஜூலையில் தேசிய அணியுடன் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் முடித்த வீரர்கள் பலர் ஓய்வு காரணமாகத் தொடக்க ஆட்டங்களில் இறங்குவதில்லை. அவர்களை அதிகம் கொண்ட பெரிய அணிகளின் உண்மையான வலிமையை அந்த ஆட்டங்களிலிருந்து கணிக்க முடியாது.