வெளியே சுரண்டுவது போதாதா, உள்ளேயும் சுரண்டணுமா?

இன்று காலை 5:20. டொரோண்டோவின் ஸ்கார்பரோ. மைனஸ் 19. பத்து நிமிடம் காரைச் சுற்றிச் சுற்றி வந்து முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடி எல்லாவற்றிலும் பனியைச் சுரண்டி முடித்தேன். விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை. சரி, ஒருவழியாக முடிந்தது என்று உள்ளே உட்கார்ந்து பார்த்தால் எதிரே ஒன்றும் தெரியவில்லை. வைப்பரைப் போட்டேன். அது பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. கையால் தடவிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பனி உள்பக்கம்!

காருக்குள் உட்கார்ந்து பனி சுரண்டியவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும். ஸ்கிரேப்பரின் கைப்பிடி வெளியே நின்று சுரண்ட ஏற்ற நீளம். உள்ளே வைத்துத் திருப்பினால் ஸ்டியரிங்கில் இடிக்கும். டேஷ்போர்டும் கண்ணாடியும் சேரும் அந்தக் கீழ்மூலை இருக்கிறதே, அங்கே ஆண்டவனாலும் கையை விட முடியாது. கடைசியில் பர்ஸைத் துழாவி ஒரு பழைய லைப்ரரி கார்டை எடுத்துச் சுரண்டினேன். சீவல் சீவலாக மடியில், சட்டைக் கைக்குள், டேஷ்போர்டு மேலே எல்லாம் கொட்டியது. அந்தச் சீவல் பிறகு எங்கே போகும்? உருகிக் காருக்குள்ளேதான் கிடக்கும். நாளைக் காலை மறுபடி கண்ணாடியில் ஏறி உட்காரும். நானே சுரண்டி, நானே தண்ணீர் தெளித்து, நானே உறையவைக்கிறேன்.

அம்மாவிடம் போனில் சொன்னால், "பனி வெளியிலதானடா பெய்யுது, கதவு சாத்தியிருக்கிற காருக்குள்ள எப்படி வரும்?" என்கிறார். திருச்சியில் இருக்கும் அம்மா கேட்பதில் தப்பே இல்லை. இங்கே இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறவர்களும் அதையே கேட்கிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

வெளியிலிருந்து வருவதில்லை, நாம்தான் கொண்டுவருகிறோம். பூட்ஸில் ஒட்டிக்கொண்டு உப்பும் பனியும் உள்ளே ஏறும். ஹீட்டர் சூட்டில் பனி உருகிக் காலடி ரப்பர் மேட்டில் குளம் கட்டும். சாலை உப்பு வேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரக் கோட்டு, நம் மூச்சு, கையில் இருக்கும் காபி எல்லாம் சேர்ந்து உள்காற்றை நிரப்பிவிடும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவி வரை தாங்கும். மைனஸ் 10க்குப் போனால் 2 கிராமுக்குச் சற்று மேல்தான். மீதி எங்கே போகும்? ராத்திரி வானத்தைப் பார்த்து வெப்பத்தை விட்டுவிட்டு முதலில் சில்லிட்டுப்போவது கண்ணாடி. அதன்மேல் போய்ப் படிந்து, நீராகக்கூட மாறாமல் நேராகப் பனியாகிவிடும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஆனால் கேட்டதும் ஆளாளுக்கு வைத்தியம் சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள். நான் குடியிருக்கும் பேஸ்மென்டின் வீட்டுக்கார அண்ணை, "தம்பி, ஒரு காலுறைக்குள்ள பூனை மண்ணைப் போட்டுக் கட்டி டேஷ்போர்டில வையுங்கோ, எல்லாத்தையும் உறிஞ்சிப்போடும்" என்றார். வீட்டுப் பூனை கழிக்கும் தட்டில் கொட்டிவைக்கிற மண்ணைச் சொல்கிறார். வைத்தேன். காரில் ஒரு காலுறை பூனை மண் இருந்தது, பனியும் இருந்தது. லிட்டர் கணக்கில் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு கைப்பிடி மண் என்ன செய்யும்? (அதே அண்ணையின் கராஜில் ஓடாத ஃப்ரிட்ஜ் ஒன்று, சோபா இரண்டு, இலங்கையிலிருந்து வந்த சூட்கேஸ்கள் எல்லாம் பத்திரமாகக் கதகதப்பாக இருக்கின்றன. என் கார் மட்டும் வெளியே.)

வேலையிடத்தில் ஒருவர் ஷேவிங் ஃபோம் தடவச் சொன்னார். தடவினேன். மூன்று நாள் காருக்குள் சலூன் வாசனை. அது கண்ணாடியில் படியும் நீர் முத்து முத்தாக நிற்காமல் பரவி நிற்கச் செய்யும், அவ்வளவுதான். மைனஸ் 19க்கு அது ஒன்றும் பதில் சொல்லாது. இன்னொருவர் கால்சியம் குளோரைடு டப்பா வாங்கித் தந்தார். அது ஈரத்தை நன்றாகவே இழுத்தது, மறுக்கவில்லை. ஒரு வளைவில் டப்பா கவிழ்ந்து இழுத்ததையெல்லாம் உப்புத் தண்ணீராக என் சீட்டில் கொட்டியது. சுடுதண்ணீர் ஊற்றச் சொன்னவரிடம் இப்போது நான் பேசுவதில்லை. உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், ஐயா!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் ரத்தத்தைக் கொதிக்கவைப்பது அந்தப் பட்டன். காருக்குள் அம்புக்குறி வளைந்து திரும்புகிற மாதிரி படம் போட்டிருக்குமே, அது. என்னோடு 401 நெடுஞ்சாலையில் மிசிசாகா வரை வரும் அண்ணன் ஒருவர், ஏறி பெல்ட் போடுவதற்கு முன்பே அதை அழுத்திவிடுவார். "வெளிக்காத்து ஜில்லுனு வருதுப்பா." அழுத்தினால் என்ன ஆகும்? நாங்கள் மூன்று பேர் விட்ட மூச்சு, காபி ஆவி, பூட்ஸ் தண்ணீர் எல்லாம் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். வெளிக்காற்று ஜில்லென்று இருந்தாலும் காய்ந்த காற்று. அதைச் சூடாக்கி உள்ளே விட்டால்தான் ஈரத்தை இழுத்துக்கொண்டு போகும். ஏசியைப் போட்டேன் என்றால் இன்னும் மோசம், "மைனஸ்லயா? உனக்குக் கிறுக்கா?" என்று சிரிக்கிறார். ஏசிதான் காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பல கார்களில் அதன் கம்ப்ரஸர் ஓடாது என்பது உண்மை. அப்போது நமக்கு மிஞ்சுவது அவர் அழுத்தி அடைத்துவைத்த அந்த வெளிக்காற்று ஒன்றுதான்.

இவ்வளவும் தெரிந்த நான் பெரிய புத்திசாலி என்று நினைக்காதீர்கள். போன வாரம் முன்சீட்டுக்குக் கீழே பேனா விழுந்தது. எடுக்கக் கையை ஊன்றினால் கார்ப்பெட் தண்ணீரில் ஊறப்போட்ட பஞ்சு மாதிரி அமுங்கி, விரலிடுக்கில் தண்ணீர் ஏறியது. மேலே ரப்பர் மேட் போட்டிருந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை. முதலில் போன கடையில் ஹீட்டர் கோர் (எஞ்சினின் சூடான திரவம் ஓடி உள்காற்றைச் சூடாக்கும் பகுதி) ஒழுகுகிறது, ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். ஹீட்டர் கோர் ஒழுகினால் கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படியும், இனிப்பு வாசனை வரும், கூலன்ட் என்கிற அந்தத் திரவம் குறையும். எனக்கு மூன்றும் இல்லை. சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டாவது மெக்கானிக் வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து மட்கிக் கறுத்த மேப்பிள் இலைகளை இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டார். தண்ணீர் வடியும் துளை அடைத்து, வெளிக்காற்று போகும் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஒரு வருடமாக! இந்தக் காரை எனக்கு விற்றவர், "ஒரு குறையும் சொல்ல முடியாது" என்று சாவியைக் கையில் வைத்து அழுத்தினாரே, அந்தக் கை இப்போதும் கண்ணில் நிற்கிறது.

இலையை எடுத்துவிட்டார், ஊறிய கார்ப்பெட் காய வேண்டுமே. இரவில் மேட்டை வீட்டுக்குள் எடுத்துப்போய்ப் பாத்ரூமில் தொங்கவிடுகிறேன். பூட்டும் முன் நான்கு கதவையும் ஒரு நிமிடம் திறந்துவைத்து, உள்ளிருக்கும் ஈரச் சூடு வெளியேறும்வரை நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறார். காலையில் கண்ணாடி தெளியும்வரை எஞ்சினை ஓடவிடலாம் என்றால், டொரோண்டோவில் 60 நிமிடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வண்டியைச் சும்மா ஓடவிடக் கூடாது என்று விதி. கண்ணாடி தெளியாமல் ஓட்டினால் ஒன்டாரியோ சட்டப்படி அதுவும் குற்றம். அந்த ஒரு நிமிடத்தில் என் ஹீட்டரிலிருந்து வருவது வாடைக்காற்றுதான்.

நேற்று ராத்திரி அந்த வளைந்த அம்புக்குறி பட்டன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். இன்று காலை அண்ணன் ஏறினார், பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. 401இல் பாதித் தூரம் போனபோது கண்ணாடி ஓரத்தில் மெல்ல வெள்ளை படர ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால், உரித்த டேப்பை உருட்டி உருட்டி விரலிடுக்கில் வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்.