கீ காலாவதி ஆகவில்லை, சிடிதான் வேறு

விண்டோஸ் எக்ஸ்பி இன்ஸ்டால் செய்யும்போது கம்ப்யூட்டர் ஸ்டிக்கரில் உள்ள கீயை (25 எழுத்து உரிமக் குறியீடு) ஏன் ஏற்கவில்லை என்பதுதான் கேள்வி. "2014-ல் மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடிந்ததும் எக்ஸ்பி கீ எல்லாம் செத்துவிட்டது" என்று ஒருவர் சொல்வது தவறு. இன்ஸ்டால் நடுவே 'கீ செல்லாது' என்று வந்தால் அதற்கும் சப்போர்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை; அந்தச் சோதனைக்கு இணையமே வேண்டாம், சிடியிலேயே நடக்கிறது. கேபினட் ஸ்டிக்கரில் இருப்பது ஓஇஎம் கீ, அதாவது கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுத்த கீ. அதைக் கடையில் தனியாக விற்ற ரீடெய்ல் சிடியில் போட்டால் ஏற்காது. எக்ஸ்பியின் ஹோம் பதிப்புக் கீயை ப்ரொஃபெஷனல் பதிப்பு சிடியில் போட்டாலும் அதே கதைதான். ஓஇஎம் சிடி தேடுங்கள்.

ஸ்டிக்கர் தேய்ந்திருந்தால் ஓவா (O) பூஜ்யமா (0) என்று மண்டையை உடைக்காதீர்கள், கீயின் 25 எழுத்தில் இரண்டுமே வராது. 8-ஐயும் பி-யையும் (B), 6-ஐயும் ஜி-யையும் (G) மாற்றிப் பாருங்கள். கீயை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து உறுதிசெய்யும் ஆக்டிவேஷன், இன்ஸ்டாலுக்குப் பிறகு வருவது. அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு.